நீ விட்டுக்கொடுக்காத போட்டி

தபாலில் வந்த உறையைப் பிரித்ததும் உன் வாசனைதான் முதலில் வந்தது. உள்ளே உன் முழங்கைப் பட்டி. எத்தனை தோய்த்தாலும் போகாத வலிமருந்தின் நெடி அதில் ஊறிக் கிடந்தது. கொரியாவிலிருந்து அனுப்பியவள் உன் அக்கா. நீ இறந்து இரண்டு மாதம் என்று கடிதத்தில் எழுதியிருந்தாள். என் புத்தி உனக்குத் தெரியும்தானே? அழுவதற்கு முன்னால், இதை ஏன் எனக்கு அனுப்பினாள் என்றுதான் யோசித்தேன்.

சந்தேகம் எங்கள் குடும்பச் சொத்து. ஜெர்மனியில் அகதி விண்ணப்பத்தோடு அதிகாரிகளின் மேசைகளுக்கு முன்னால் நின்று வளர்ந்தவள் நான். லண்டனுக்கு மாறி வந்து, வால்தம்ஸ்டோ ஜூடோ கழகத்தில் சேர்ந்த முதல் நாளே, பெயரைக்கூடக் கேட்காமல் "உனக்கு என்ன வயது?" என்றாய். இருவரும் ஒரே எடைப்பிரிவு. இவள் ஏதோ திட்டம் போடுகிறாள் என்று எண்ணி இரண்டு வயது குறைத்துச் சொன்னேன். ஆளை எப்படி அழைப்பது என்று தெரிந்துகொள்ள உங்கள் ஊரில் வயதைத்தான் முதலில் கேட்பீர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் நீ எனக்கு அக்கா ஆகிவிட்டாய்.

அதுவும் சும்மா அக்கா இல்லை. என் பையைத் தூக்கினாய். ஹீட்டருக்குப் பக்கத்து இடத்தை எனக்கு விட்டாய். போட்டி நாட்களில் எடை பார்க்கும்வரை இருவரும் பட்டினி; பார்த்து முடிந்ததும் நீ கொண்டுவந்த சோற்று உருண்டைகளில் பெரியதை என்னிடம் நீட்டுவாய். நீ கடித்து விழுங்கும்வரை நான் வாயில் வைக்கமாட்டேன். நீ விழுந்து விழுந்து சிரிப்பாய்.

உன் பழைய ஆட்டங்களைப் பற்றி ஒரே ஒரு நாள், பஸ்ஸின் மேல்தட்டில் வைத்துச் சொன்னாய். தேசிய அணிக்கான தேர்வில் கடைசிப் போட்டி. எதிரே உன் பல்கலைக்கழகத்து மூத்தவள். அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு என்று சொல்லி, பயிற்சியாளர் உன்னை விழச் சொன்னார். விழுந்தாய். அவள் வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் பறந்தாள்; நீ அவளுடைய பயிற்சிக்காக மூன்று வருடம் விழுந்துகொண்டே இருந்தாய். பிறகு ஆங்கிலம் படிக்கிறேன் என்று இங்கே வந்துவிட்டாய். "இனி ஒருத்திக்கும் விழமாட்டேன்" என்றாய். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும், இவள் விழத் தெரிந்தவள் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

அந்த வருடம் லண்டன் போட்டிகளில் உன்னை அசைக்க ஆளில்லை. கடைசியாக ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இறுதிப் போட்டி, நீயும் நானும். பயிற்சியில் ஒரு நாளும் எனக்கு அகப்படாத உன் வலது கை அன்று அகப்பட்டது. பூட்டுப் போட்டு முழங்கையைப் பின்னால் வளைத்தேன். விரிப்பில் இரண்டு தட்டுத் தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். நெடுநேரம் நீ தட்டவில்லை. பிறகு தட்டினாய்.

வீட்டுக்குக் கார் ஓட்டிக்கொண்டே என் அண்ணை சொன்னார்: "தங்கச்சி எண்டு பாவம் பாத்து விட்டுக் குடுத்திட்டாள் போல கிடக்கு." என் மனதில் இருந்ததும் அதுதான். மெடலைக் கழற்றிப் பைக்குள் போட்டேன்.

அடுத்த கிழமை நீ கையைத் துணியில் தொங்கவிட்டபடி வந்தாய். நம் இருவருடைய அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன்: "நடிக்காதே. வேண்டுமென்றுதானே தோற்றாய்?"

"அங்கே விழச் சொன்னார்கள், விழுந்தேன். இங்கே யார் சொன்னது?"

"நீயே உனக்குச் சொல்லியிருப்பாய்."

என்னை ஒரு பார்வை பார்த்தாய். ஒரு கையாலேயே சப்பாத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டாய். அதன் பிறகு நீ ஒரு போட்டிக்கும் வரவில்லை. லண்டனுக்கு ஒலிம்பிக்ஸ் கிடைத்த அந்தக் கோடையில் ஊருக்குத் திரும்பினாய்.

"எயார்போர்ட்டுக்குப் போகேல்லையே?" என்று அண்ணை கேட்டார்.

"ஷிப்ட் இருக்கு, ஏலாது" என்றேன். இருக்கவில்லை.

இப்போது ஸ்ட்ராட்ஃபோர்டில் அந்த ஒலிம்பிக்ஸுக்கான மைதானம் எழும்புகிறது. வேலைக்குப் போகும் வழியில் அந்தக் கிரேன்களைப் பார்க்கும்போதெல்லாம் உன் நினைப்பு வரும். உன் முழங்கையில் இரண்டு தரம் அறுவைச் சிகிச்சை நடந்ததையும், கடைசிவரை அந்தக் கை நேராக நீளவில்லை என்பதையும் உன் அக்கா எழுதித்தான் அறிந்தேன். ஊரில் சிறுவர்களுக்கு ஜூடோ பழக்கினாயாம். புதிதாக வருகிற ஒவ்வொரு வகுப்புக்கும் சொல்வாயாம்: "லண்டனில் என் தங்கை இருக்கிறாள். அவளிடம் நான் உண்மையாகவே தோற்றேன்."

விட்டுக்கொடுக்க நினைப்பவள் மூட்டுக் கிழியும்வரை காத்திருப்பாளா? நேற்றுச் சேர்ந்த பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் அன்றே தெரியும். நீ தட்டுவதற்கு முன்னால் என் கைகளுக்குள் உன் முழங்கை நொறுக்கென்றது. அதை யாரிடமும் நான் சொல்லவில்லை. உன் ஆட்டத்தை முடித்துவைத்தது நான்தான் என்று ஏற்பதைவிட, உன்னைச் சந்தேகிப்பது எனக்குச் சுகமாக இருந்தது.

பட்டியை என் கையில் மாட்டிப் பார்த்தேன். உன் கை மடிந்த அளவிலேயே அதுவும் மடிந்து நிற்கிறது. நீட்டி விட்டாலும் திரும்ப மடிகிறது. வேலைக்குப் போகும்போது பைக்குள் வைத்துக்கொண்டு போகிறேன். என் வயதை மட்டும் நீ சரியாகத் தெரிந்துகொள். உன்னைவிட நான் ஒரு வயது மூத்தவள். அந்தப் பெரிய உருண்டைகளை உனக்கு நான் தந்திருக்க வேண்டும்.