ஐந்தாவது வரி

இன்று காலை ஸ்டீமரைத் திறந்ததும் ரம்பை வாசம் முகத்தில் அடித்தது. கடைக்குப் புதிதாக வந்த பிள்ளை, கொதிக்கிற தண்ணீருக்குள் ஒரு துண்டு ரம்பை இலையை முடிச்சுப் போட்டு இறக்கியிருந்தாள். தேங்காய்ப்பால் சொதிக்கு ரம்பை போடாத வீடு கொழும்பில் இல்லை. இடியப்பம் அவிக்கிற தண்ணீருக்கு ரம்பை போடுகிற ஆள் எனக்குத் தெரிய ஒருத்திதான் இருந்தாள். ஏன் போட்டாய் என்று கேட்டேன். முந்தி இங்கே வேலைக்கு நின்ற அக்கா சொல்லித் தந்ததாகச் சொன்னாள். அந்த அக்காவுக்கு யார் சொல்லித் தந்தது என்று அவளுக்குத் தெரியாது. அது யாருடைய பழக்கம் என்று நான் அப்போது சொல்லவில்லை. கணக்காக உப்புப் போட்டாயா என்று கேட்டுவிட்டு முன்பக்கம் வந்துவிட்டேன்.

நேற்று நீ செத்து முப்பத்தோராம் நாள். ரொறன்ரோவில் உன் வீட்டில் படைத்திருப்பார்கள். நான் இங்கே கடையைத் திறந்து வைத்திருந்தேன். ஒரு நாள் பூட்டியிருக்கலாம், குடி முழுகியிராது. பூட்ட மனம் வரவில்லை. கடை பூட்டுப்பட்டுவிடும் என்ற பயத்தில்தானே உனக்கு அந்த அநியாயத்தைச் செய்தேன்?

காசு மேசைக்குப் பின்னால் சுவரில் என் பேட்டியைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். பத்திரிகைக்காரப் பிள்ளை நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள். கொட்டாஞ்சேனைத் தோட்டத்துச் சேரி அறையில் பிறந்தவள், வெள்ளவத்தையிலும் நுகேகொடையிலும் பிறகு பிறந்த கொட்டாஞ்சேனையிலுமாக மூன்று கடை திறந்தவள் என்று. தொடக்கத்தில் கூட யார் இருந்தார்கள் என்று அவள் கேட்டாள். அம்மாவும் நானும் தனியத்தான் என்று சொல்லிவிட்டேன். நாக்குக் கூசவில்லை. ஒருமுறை விட்ட பெயரை இரண்டாம் முறை விடுவது எவ்வளவு லேசு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

என் சின்ன வயதைப் பற்றி உனக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மா குழைக்கும்போது எத்தனை தரம் கேட்டிருப்பாய். பதினாலு வீட்டுக்கு ஒரு தண்ணீர்க் குழாய். போனவர் போனவர்தான் என்று ஆகிவிட்ட அப்பா. மூன்று தேத்தண்ணிக் கடைகளுக்கு அம்மா இடியப்பம் அவித்தார். பள்ளிக்கூடம் போகுமுன் கூடையைத் தலையில் சுமந்து கொடுத்துவிட்டு வருவது நான். தலைமயிரில் ஆவி மணம் போகாது. வகுப்பில் எனக்கு வைத்த பெயர் ஸ்டீமர். அந்தக் கதையைக் கேட்டு நீ ஒருத்திதான் பாவம் பார்க்காமல் சிரித்தாய். பிறகு கோபம் வந்தால் நீயும் அப்படித்தான் கூப்பிட்டாய்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் எங்கள் அறை எரிந்தது. அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது இடியப்ப உரல் கரிக்கட்டையாகக் கிடந்தது. பித்தளை அச்சு மட்டும் மிஞ்சியிருந்தது. அம்மா அதைப் புளி போட்டுத் தேய்த்தார், அழுதுகொண்டே தேய்த்தார். பதின்மூன்று வயதில் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எரிகிற அடுப்பு ஒரு பின்னேரத்துக்குள் இல்லாமல் போகும் என்ற பயம் அன்றைக்கு எனக்குள் வந்து குந்தியது. இதை ஒரு சாட்டாகச் சொல்லவில்லை. பயந்தவர்கள் எல்லாரும் நான் செய்ததைச் செய்யவில்லை.

நீ கிளிநொச்சியிலிருந்து வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது, உனக்கு ஒரு வயது குறைவு. வெள்ளவத்தையில் ஹாஜியாரின் வீட்டு மேல்மாடியை அப்போதுதான் வாடகைக்கு எடுத்திருந்தோம். கோயிலில் தெரிந்த ஒருவர் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். கனடாவில் மாப்பிள்ளை, கல்யாண எழுத்து முடிந்துவிட்டது, விசா வரும்வரை மூன்று மாதம் தங்க இடம் வேண்டும் என்றார். மூன்று மாதம் ஐந்து வருடமாக நீண்டது. தாய் தகப்பன் இல்லை. ஒரேயொரு தம்பி எங்கே என்று தெரியாது. அதைப்பற்றி யாரும் கேட்டால் மட்டும் உன் வாயில் கொழுக்கட்டை. மற்ற நேரமெல்லாம் உன் சத்தம் காலி வீதிவரை கேட்கும்.

நீ முதன்முதல் பிழிந்த இடியப்பத்தைப் பார்த்து அம்மா, இதில் கிணற்று வாளி கட்டலாம் என்றார். உனக்கு ரோஷம். ஒரு கிழமைக்குள் எங்களை மிஞ்சிவிட்டாய். பிறகு ஒருநாள் கேட்காமல் கொள்ளாமல் தண்ணீருக்குள் ரம்பையைப் போட்டாய்.

“தண்ணி மணத்தா மாவுக்கும் பிடிக்கும்தானே. வெள்ளைத் தண்ணில அவிச்சு என்ன காணப்போறியள்?” என்று கேட்டாய்.

அம்மா தலையில் கை வைத்தார். ஆனால் அன்றைக்கு வந்தவர்கள் அடுத்த நாளும் வந்தார்கள். இடியப்பத்தில் என்ன போடுகிறீர்கள் என்று கேட்டுக் கொள்ளுப்பிட்டிக் கந்தோர்களில் வேலைசெய்கிற ஆட்கள் காரில் வரத் தொடங்கினார்கள். கீழ்வீட்டின் முன்பக்கத்தையும் ஹாஜியார் எங்களுக்குத் தந்தார். ஆறு மேசை போட்டோம். பெயர்ப்பலகைக்கு நிறம் தெரிவு செய்தது நீ. மலையகத்திலிருந்து இரண்டு பெண்பிள்ளைகள் உதவிக்கு வந்து எங்களோடு மேலே தங்கினார்கள். முதல் நாள் கடை திறந்தபோது நீ என் காதுக்குள், ஸ்டீமர், நீ முதலாளியடி என்றாய். அதைவிடச் சந்தோஷமான நாள் எனக்கு அதற்குப் பிறகும் வரவில்லை.

அந்த வருடம்தான் பொலிஸ் வீடு வீடாகப் படிவம் கொடுத்தது. வீட்டில் இருக்கிற ஆட்களின் பெயர், அடையாள அட்டை ஐசி நம்பர், சொந்த இடம் எல்லாம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு பிரதியில் பொலிஸ் முத்திரை வைத்துத் தருவார்கள், எப்போது வந்து கேட்டாலும் காட்ட வேண்டும். நான் காசு மேசையில் இருந்து எழுதினேன். முதலாவது அம்மா, இரண்டாவது நான், மூன்றும் நான்கும் அந்த இரண்டு பிள்ளைகள். ஐந்தாவது வரியில் பேனா நின்றது.

பக்கத்து ஒழுங்கையில் ஒரு சாப்பாட்டுக் கடையை அப்போதுதான் இழுத்து மூடியிருந்தார்கள். உன்னைப்போல வன்னி ஐசிக்காரர் இருவரை வேலைக்கு வைத்திருந்ததால் தினம் விசாரணை என்றும், கட்டிடச் சொந்தக்காரர் வெளியே போகச் சொல்லிவிட்டார் என்றும் கதை. உண்மையோ பொய்யோ, நான் விசாரிக்கவில்லை. ஹாஜியாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா புளி போட்டுத் தேய்த்த அச்சு கண்ணுக்குள் வந்தது. உனக்கு எப்படியும் இரண்டு மாதத்தில் விசா வந்துவிடும் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டு, ஐந்தாவது வரிக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டேன்.

நீ குசினிக்குள் இருந்து கேட்டாய்.

“என்ர பேரையும் எழுதினனியோடி?”

“ஓமடி, எழுதிப்போட்டன்.”

“ஐசி நம்பர் வேண்டாமோ?”

“உன்ர நம்பர் எனக்குப் பாடம்.”

அது மட்டும் உண்மை. இன்றைக்கும் பாடம்.

ஐந்து மாதம் கழித்து ஒரு விடியற்காலை ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். முதல் தட்டு அப்போதுதான் இறங்கியிருந்தது. ஒரு அதிகாரியும் ஒரு பெண் பொலிஸும் உள்ளே வந்தார்கள். எல்லோரும் ஐசியைப் பிடித்தபடி வரிசையில் நின்றோம். இரண்டு நாளில் உனக்கு விசா நேர்முகம் இருந்தது. அதற்கென்று புதுச் சேலை ஒன்று மேலே கொடியில் தொங்கியது. உன் ஐசியைப் பார்த்ததும் அதிகாரியின் முகம் மாறியது. நீ பதறவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

“என்ர பேர் பதிஞ்சு கிடக்குது. பாக்கச் சொல்லடி.”

எனக்குத்தானே சிங்களம் வரும்? உனக்கும் அவர்களுக்கும் நடுவில் எப்போதும் நான்தான். நீ சொன்னதை நான் சொல்லவில்லை. படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் விரலை வைத்து வரி வரியாகக் கீழே வந்தார். நாலாவதோடு விரல் நின்றது. கோட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, “மே நங்கி கவுத?” என்று கேட்டார். இந்தத் தங்கச்சி யார் என்று.

என்னோடு இருக்கிறவள், எழுத மறந்துவிட்டேன், பிழை என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். ஏச்சு விழுந்திருக்கும், என்னையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம், அவ்வளவுதான். நான் சிங்களத்தில், வேலைக்கு வந்து போகிறவள் என்றேன். அது உனக்கு விளங்காது என்று ஒரு கணம் நினைத்தேன் பார், அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. செக்பொயின்ற்றில் கேட்டால் சொல்லு என்று வேலைக்குப் போகிறேன் என்பதைச் சிங்களத்தில் உனக்குப் பாடமாக்கித் தந்தவளே நான்தான்.

உனக்கு விளங்கியது. நீ கோபமாகப் பார்க்கவில்லை. கூடையைத் தவறவிட்ட ஒரு பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாய். கையில் ஒட்டியிருந்த மாவைச் சட்டையில் துடைத்தாய். அடுப்பைக் குறைக்கும்படி அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுப் பொலிஸோடு போனாய்.

நாலு நாள் உன்னை வைத்திருந்தார்கள். அடுத்த நாள் நான் சாப்பாட்டுப் பார்சலோடு பொலிஸ் வாசலில் நின்றேன். உங்களுக்கு என்ன முறை என்று கேட்டார்கள். கடைச் சொந்தக்காரி என்றேன். உண்மையைச் சொல்ல அங்கேயும் எனக்குத் துணிவு வரவில்லை. பார்சலை வாங்கிக்கொண்டு என்னைத் திருப்பி அனுப்பினார்கள். ஹாஜியார்தான் தெரிந்த ஒரு வக்கீலைப் பிடித்து, தன் வீட்டில் இருக்கிற பிள்ளை என்று கையெழுத்து வைத்து உன்னை வெளியே எடுத்தார். திரும்பி வரும் வழியில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“நான் எழுத வாணாண்டு செல்லல்லயே மகள்?”

எந்த மனிதர் கடையைப் பறித்துவிடுவார் என்று பயந்தேனோ அவர்தான் உனக்காகக் கையெழுத்து வைத்தார்.

நேர்முகம் தவறிவிட்டது. நீ வந்து தலை முழுகினாய், ஒரு பகல் முழுக்கத் தூங்கினாய். மறுநாள் விடிய எழும்பிப் பார்க்கிறேன், நீ ஸ்டீமருக்கு முன்னால் ரம்பையை முடிச்சுப் போட்டுக்கொண்டு நிற்கிறாய். நான் பக்கத்தில் போய் வாயைத் திறந்தேன்.

“தண்ணி கொதிக்குது. பிறகு கதைப்பம்” என்றாய்.

அந்தப் பிறகு வரவேயில்லை. அதற்குப் பின் பத்து மாதம் என்னோடு இருந்தாய். எத்தனை தரம் தொடங்கினேன், அத்தனை தரமும் ஏதோ ஒன்று கொதித்தது. மன்னித்துவிட்டாயா, இல்லை மன்னிப்புக் கேட்கிற சுகத்தைக்கூட எனக்குத் தரக்கூடாது என்று இருந்தாயா என்று நினைத்து நினைத்து நான் மண்டையை உடைத்துக்கொண்டேன். விசாப் பத்திரங்களை எல்லாம் முதலிலிருந்து நிரப்ப வேண்டி வந்தது. அதே காசு மேசையில் இருந்துதான் நிரப்பினாய். நான் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தபோது இடது கையால் தாளை மறைத்தாய். எனக்குச் சுருக்கென்றது. இனி என்னை நம்பமாட்டாள், அது நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

போனாய். கனடாவிலிருந்து அம்மாவின் சாவுக்கு அழைத்துப் பேசினாய். வருடப் பிறப்புக்குப் பேசினாய். வியாபாரம் எப்படி, தண்ணீருக்கு ரம்பை போடுகிறீர்களா என்று கேட்பாய். ஓம் என்பேன். நானும் பிறகு கேட்கலாம் என்று இருந்துவிட்டேன். கடை ஒன்று மூன்றாகியது, சண்டையும் முடிந்தது, அந்தப் படிவங்களை இப்போது யாரும் கேட்பதில்லை. என் காசு மேசை லாச்சிக்குள் அந்தப் பிரதி இன்னும் கிடக்கிறது. எறிய எனக்குக் கை வரவில்லை, எடுத்துப் பார்க்கவும் முடியவில்லை.

போன ஞாயிறு உன் மகள் பேசினாள். குரல் அப்படியே நீ, தமிழ்தான் கொஞ்சம் தட்டுத் தடுமாறுகிறது. உன் பழைய கடதாசிகளை அடுக்கினாளாம். விசாவுக்கு நிரப்பிய தாளின் பிரதி கிடைத்ததாம். இலங்கையில் இருக்கிற மிக நெருங்கிய உறவு என்ற இடத்தில் என் பெயரும் கடை விலாசமும் இருக்கிறது என்றாள். என்ன முறை என்ற இடத்தில் அக்கா என்று எழுதியிருக்கிறாயாம்.

“அம்மாவுக்கு ஒரு தம்பி மட்டும்தானே ஆன்ரி. நீங்கள் அம்மாட சொந்த அக்காவோ?”

எந்தத் திகதி போட்டிருக்கிறது என்று கேட்டேன். சொன்னாள். அந்த நாலு நாளுக்குப் பிறகு வந்த மாதம். நீ கையால் மறைத்த தாள் அதுதான். ஐந்து வருடத்தில் ஒருநாளும் என்னை அக்கா என்று கூப்பிடாதவள் நீ. ஸ்டீமர் என்றுதானே கூப்பிடுவாய்? உன் மகளிடம், பிறகு கதைக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது.

அதனால் இதை எழுதுவதை இடையில் விட்டுவிட்டு இப்போது குசினிக்குப் போய்வந்தேன். அந்தப் பிள்ளை அடுத்த தட்டுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். ரம்பை போடுகிற பழக்கம் யாருடையது என்று அவளிடம் சொன்னேன். மற்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று உன் பெயரைச் சத்தமாகச் சொன்னேன்.

“ஆர் அவ?” என்று கேட்டாள்.

“என்ர தங்கச்சி” என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு ஸ்டீமர் மூடியைத் தூக்கினாள். இத்தனை வருடம் சொல்லாமல் விட்டதைச் சொல்ல எனக்கு அந்த மூடியைத் தூக்கும் நேரம்கூட எடுக்கவில்லை.