துவைக்காமல் கொண்டுவந்த ஓவரால்

என் சரோஜாவுக்கு,

எங்கே இருந்தாலும் வந்து பக்கத்தில் உட்கார். இது கொஞ்சம் நீளமான சண்டை. பெங்களூர் நீலசந்திராவில் நம் தெரு மன்றத்து ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். உன்னைப் பற்றி எழுதுவதைவிட உனக்கே எழுதுவது எனக்குச் சுலபம். படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் செய்தி. நம் பிரபா விமானப் படையில் சேர்ந்துவிட்டாள். ஆமாம், உன் பெண்தான். ஐதராபாத் பக்கம் பயிற்சி. இப்போதெல்லாம் பெண்களையும் விமானம் ஓட்ட எடுக்கிறார்கள் என்று அவள் விண்ணப்பத்தை நீட்டியபோது, இது நிஜமான விண்ணப்பம்தானா என்று மூன்று பேரிடம் விசாரித்த பிறகுதான் நான் கையெழுத்துப் போட்டேன்.

நான் எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியும். சிட்டி பஸ்ஸில் இத்தனை வருஷம் செக்கிங். டிக்கெட்டைக் காட்டு என்பதற்கு "டிக்கெட் தோர்சி" என்று கன்னடத்தில் கேட்டு முடிப்பதற்குள், யாரிடம் டிக்கெட் இல்லை என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்டவனை நீ ஏமாற்றினாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூன்று மாதம், "வெறும் வாயுங்க, எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றே ஓட்டினாய். டாக்டரிடம் போனபோது எல்லாம் கைமீறிவிட்டது; நீயும் போய்விட்டாய். ஏன் மறைத்தாய் சரோ? பிரபாவின் பரீட்சை முடியட்டும் என்றா? எனக்கு இன்றைக்கும் கோபம் ஆறவில்லை.

அதற்குப் பிறகு யார் "நல்லா இருக்கேன்" என்றாலும் நான் நம்புவதில்லை. பிரபா ஞாயிற்றுக்கிழமைதோறும் கீழே நயாஸ் பாய் கடை போனுக்குக் கூப்பிடுவாள். நான் சும்மா விடுவேனா? சாப்பிட்டேன் என்றால் என்ன சாப்பிட்டாய் என்பேன். காய்ச்சல் இல்லை என்றால் பக்கத்தில் இருக்கிற பெண்ணிடம் போனைக் கொடு என்பேன். ஒரு நாள் பாயே பொறுக்கமாட்டாமல், "என்னா சார், பேசறது பொண்ணா, டிக்கெட் எடுக்காத பாசஞ்சரா?" என்று கேட்டுவிட்டார்.

பயிற்சி தொடங்கியபோதே அவள் சொல்லியிருந்தாள்: "குறிப்பிட்ட நாளுக்குள்ள தனியா ஓட்டற அளவுக்கு வரலன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்கப்பா." அன்றிலிருந்து வாராவாரம் "தனியா ஓட்டினியா?" என்று கேட்பேன். "இன்னும் இல்லப்பா" என்பாள். அப்புறம் ஒரு ஞாயிறு, "எல்லாம் நல்லாத்தான் இருக்குப்பா, மத்தத நேர்ல பேசிக்கலாம்" என்று போனை வைத்துவிட்டாள். அட்சரம் பிசகாமல் உன் வார்த்தை.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் பையும் கையுமாக வாசலில் நிற்கிறாள். "நாலு நாள் லீவுப்பா" என்றாள். பயிற்சிக்கு நடுவில் ஏது லீவு? முகத்தைப் பார்த்தேன். கறுத்து இளைத்திருந்தாள், ஆனால் உதட்டில் எதையோ அடக்கி வைத்திருக்கிறாள். பெண்ணைத் துரத்திவிட்டார்கள், சொல்வதற்கு நேரம் பார்க்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அவள் குளிக்கப் போனதும் பையைத் திறந்தேன். திட்டாதே, திறந்துவிட்டேன். அடியில் பேப்பரில் சுற்றி, அவர்கள் பறக்கும்போது போட்டுக்கொள்கிற ஓவரால் இருந்தது. கழுத்திலிருந்து கால்வரை காய்ந்த சேறு, பாக்கெட்டில் புல். விமானத்தோடு எங்கோ வயலில் விழுந்திருக்கிறாள், அடிபட்டதை உன்னைப் போலவே மறைக்கிறாள் என்று நினைத்தேன்.

ஈரத் தலையோடு வந்தவளைப் பார்த்துக் கத்தினேன். "எங்கடி விழுந்த? உண்மையச் சொல்லு! உங்கம்மா மாதிரி நீயும் என்ன ஏமாத்திட்டுப் போயிடாத!"

மிரண்டுபோனாள். என் கையில் இருந்த ஓவராலைப் பார்த்ததும்தான் அவளுக்குப் புரிந்தது. "ஐயோ அப்பா, நான் விழல. தூக்கிப் போட்டாங்க!"

முதல் தடவை தனியாக ஓட்டிவிட்டு இறங்கினால், கூடப் படிக்கிறவர்கள் குண்டுக்கட்டாகத் தூக்கிச் சேற்றுக் குட்டையில் போடுவார்களாம். அது அங்கே மரியாதையாம்! "எனக்கே முன்னாடி தெரியாதுப்பா. பக்கத்து சீட்ல இருந்து சொல்லிக்குடுக்கற சார் திடீர்னு இறங்கினாரு. காலி சீட்டோட பெல்ட்ட இழுத்துக் கட்டினாரு. 'ஒரு ரவுண்டு போய்ட்டு வா'ன்னு சொல்லிட்டு, திரும்பிக்கூட பாக்காம நடந்து போயிட்டாரு."

"பயமா இல்லியாம்மா?"

"ஏறும்போது ஒண்ணும் தெரியல. இறங்கணுமேன்னு நெனச்சப்பதான் பயமே வந்துச்சு."

"இத போன்ல சொல்றதுக்கு என்ன கேடு?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா? யாரு பாத்தா, யாரு சாட்சின்னு குடைவீங்க. பறந்த நேரத்த எழுதி வைக்கிற புத்தகத்தக் கேட்டேன், வெளிய கொண்டுபோகக் கூடாதுன்னுட்டாங்க. அதான் இதத் துவைக்காமக் கொண்டாந்தேன். சேத்தப் பாத்தாவது நம்புவீங்கன்னு."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன் சரோ. நாலைந்து மாதம் பழகிய மனுஷன் அவளை நம்பி விமானத்தையே விட்டு இறங்கிப் போகிறார். பெற்றவனுக்கு மட்டும் அவள் அத்தாட்சி சுமந்து வரவேண்டியிருக்கிறது. வெட்கத்தில் அவள் முன்னாலேயே அழுதேன். அப்போதுதான் இன்னொன்றும் தோன்றியது. நீ வலியை என்னிடம் சொல்லாததற்கும் என்னுடைய இந்தக் குடைச்சல்தான் காரணமா? ஒரு வலிக்கு ஒன்பது கேள்வி கேட்பானே என்று பயந்தாயா?

அன்றைக்கே அந்த ஓவராலை நானே குழாயடியில் போட்டுக் கசக்கினேன். மூன்று தண்ணீர் மாற்றியும் செம்மண் கறை முழுதாகப் போகவில்லை.

நாலாம் நாள் கிளம்பிப் போனாள். மறுநாள் பாய் கடையிலிருந்து கூப்பிட்டார்கள். "வந்து சேந்துட்டேன்பா, எல்லாம் நல்லா இருக்கு" என்றாள். எத்தனை மணிக்கு, யாரோடு, எதில் வந்தாய் என்று நாக்கு துடித்தது. கஷ்டப்பட்டு விழுங்கிக்கொண்டு, "சரிம்மா, சந்தோஷம்" என்றேன்.

நான் ஒரு கேள்விகூடக் கேட்காததில் பயந்துபோய்க் கேட்டாள்.

"அப்பா, உங்க உடம்புக்கு என்ன? எங்கிட்ட மறைக்காம சொல்லுங்க."

நான் பட்ட சந்தேகம் அவளுக்கு வேண்டாம் சரோ; நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் என்னை முழுதாகக் காட்டிக்கொண்டு, டாக்டர் சொல்வதை ஒன்றுவிடாமல் அவளிடம் சொல்லிவிடுவேன். இது உன்மேல் ஆணை.

உன் வீட்டுக்காரன்,
பிரபாவின் அப்பா