அம்மா கழுவிய குட்டி வேன்

மார்ச் 3
அடியில் இருந்த ரிவெட்டைத் துளையிட்டு அடித்தட்டைக் கழற்றியாயிற்று. உள்ளங்கைக்குள் அடங்குகிற உலோகப் பொம்மை வேன். எங்கள் குட்டிக் கார் குழுவின் புகைப்படப் போட்டிக்கு இந்த வருடத் தலைப்பு 'உழைத்த வண்டி'. அம்மா பத்தொன்பது வருடம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டிய மஞ்சள் வேனாகவே இதை மாற்றப் போகிறேன். இந்தத் தடவை முதல் பரிசை விடுவதாக இல்லை.

மார்ச் 13
கதவில் ஒரு பள்ளம். சக்கரத்துக்கு மேலே துரு – சாக்பீஸ் தூளில் பழுப்பு வாட்டர்கலர் குழைத்துப் பூசியது. பின்கண்ணாடியில் புழுதி. அசல் ஓட்டை வண்டி. எனக்கே பெருமையாக இருந்தது.

மார்ச் 14
வயிறு எரிகிறது. வேலை விட்டு வந்து பார்த்தால் வேன் ஒரு துணிமேல் பளபளவென்று நிற்கிறது. சோப்புத் தண்ணீரும் பழைய பல் பிரஷும் வைத்து அம்மா தேய்த்துக் கழுவிவிட்டாள். பத்து நாள் வேலை. மேலே வார்னிஷ் அடிக்காமல் வைத்தது என் தப்புதான், சரி. அதற்காக என் மேஜையில் கைவைக்க யார் சொன்னது?

கேட்டேன். கத்தினேன் என்றே எழுதலாம்.

"அழுக்கா இருந்துச்சு, கழுவுனேன்."

"அது அழுக்கு இல்லம்மா. நான் வச்ச துரு."

"எதுக்கு வச்ச?"

சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

மார்ச் 15
அம்மா கட்டி வைத்த சாப்பாட்டை எடுக்காமலே வேலைக்குப் போனேன்.

மார்ச் 16
அக்காவிடம் போனில் கொட்டித் தீர்த்தேன். என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தது என் மடத்தனம். "துருப்புடிச்ச வண்டிய அம்மா வண்டின்னு ஊருக்கே காட்டப் போறியாடா? அதுல யாரு புள்ளைய ஏத்துவாங்க?" என்கிறாள். எல்லாரும் ஒரே கட்சி. என்னவோ நான்தான் கொலைகாரன்.

மார்ச் 17
கோபம் ஆறவில்லை. வீம்புக்கு மறுபடியும் துரு பூச உட்கார்ந்தேன். அம்மா கதவருகே வந்து நின்றாள்.

"தெனமும் நாலரைக்கு எழுந்து கழுவுவேன். கீறல் விழுந்தா அன்னிக்கே பெயின்ட் வைப்பேன். நீதான் அதுல ஏறவே மாட்டியே, கூட்டாளிங்க பாத்துருவாங்கன்னு. உனக்கு எப்படித் தெரியும்?"

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். உண்மைதான், பள்ளிக்கு நடந்தேதான் போவேன். ஆனா அத இப்பவா சொல்லணும்? இத்தனை வருஷமா மனசுல வச்சிருந்தாளா? – அவள் மேல் கோபமா, என் மேலேயா? தெரியவில்லை. துரு பூச எடுத்த பிரஷை அப்படியே வைத்துவிட்டேன்.

மார்ச் 19
கதவுப் பள்ளத்தைப் பட்டி வைத்து அடைத்துத் தேய்த்தேன். நாலைந்து மஞ்சளைக் கலந்து காகிதத்தில் தடவி அம்மாவிடம் நீட்டினேன். "இன்னும் கொஞ்சம் வெளிறலா," என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

மார்ச் 21
மொட்டைமாடியில் சலித்த மணலைத் தூவி, போனைத் தரையோடு படுக்கவைத்துக் காலை வெயிலில் பளிச்சென்று நின்ற வேனைப் படம் எடுத்தேன். அனுப்பியாயிற்று. இன்றுதான் கடைசி நாள்.

ஏப்ரல் 6
முதல் பரிசு ஒரு துருப்பிடித்த லாரிக்கு. போகட்டும். என் படத்தின் கீழே நடுவர் எழுதியிருப்பதுதான் தாங்கவில்லை: 'நுணுக்கம் நன்று. ஆனால் உழைத்த வண்டி இவ்வளவு சுத்தமாக இருக்காது. நம்பும்படி இல்லை.'

யாருக்கு நம்பும்படி இல்லை? இந்த ஆள் பார்த்தானா? நானும் பார்க்கவில்லைதான், அது வேறு விஷயம். ஒரு பக்கம் பதில் எழுதினேன். அந்த வண்டி அப்படித்தான் இருந்தது, பத்தொன்பது வருடமும் அப்படித்தான் இருந்தது என்று. அனுப்புவதற்கு முன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

கடைசி வரி வரை கேட்டாள்.

"ரொம்ப மரியாதையா எழுதியிருக்க," என்றாள். "கிழிச்சுட்டு வேற எழுது."