அம்மா மடித்துக் கொடுத்த மனு

அன்பு மகள் லிதியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே மால்டோவாவில் எல்லோரும் சுகம், அம்மாவின் இடது காலைத் தவிர. அங்கே இத்தாலியில் நீயும் குழந்தையும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா என்று எழுது. பயப்படாதே, பந்தலில் கடைசித் திராட்சைக் குலையையும் விடமாட்டேன் என்று அம்மா ஏணியில் ஏறி வழுக்கி விழுந்துவிட்டாள், ஒரு மாதம் மாவுக்கட்டு. போனில் சொன்னால் அழுவாய் என்று மறைத்தாள். படுத்தபடியே வீட்டை ஆள்கிறாள், நான் தீப்பெட்டி வாங்கப் போனாலும் "மறந்துடாதய்யா" என்று கட்டிலில் ஒரு தரம், வாசலுக்குப் போனதும் ஒரு தரம், ஜன்னல் வழியாக ஒரு தரம்.

வருகிற ஞாயிறு ஜனாதிபதி தேர்தல். எங்கள் கதை உனக்குத் தெரியுமே, ஒரு தேர்தலிலும் நாங்கள் ஒரே ஆளுக்குப் போட்டதில்லை. இந்த முறை எனக்கு வேளாண் பொறியாளர், டிராக்டர் சக்கரத்தை உதைத்துப் பார்த்தே காற்று குறைவா என்று சொல்லிவிடுகிற மனுஷன். அம்மாவுக்கு அந்தத் தலைநகர் கிஷினாவ் டாக்டர். "உன் ஆளு நாட்டையும் உதைச்சுத்தான் பார்ப்பான்" என்கிறாள். "உன் டாக்டரு சீட்டு எழுதுவாரு, மருந்துதான் எங்கயும் கிடைக்காது" என்கிறேன் நான். இந்தச் சண்டை இல்லாவிட்டால் எங்களுக்குச் சோளக்களியே இறங்காது.

நடக்க முடியாதவர்கள் கைப்பட மனு எழுதிக் கொடுத்தால் ஓட்டுப்பெட்டியை வீட்டுக்கே எடுத்துவருவார்கள். நேற்று அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி பிசகாமல் எழுதி, மடித்து என் கையில் கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் தேர்தல் குழுவிடம் சேர்க்க வேண்டியது நான். மறந்துவிடாதே என்று சொல்வாள் என்று நின்றேன். சொல்லவில்லை. வாசலில் தாமதித்தேன், ஜன்னலுக்கு வெளியேயும் நின்று பார்த்தேன், சத்தமே இல்லை. உன்னிடம் மறைப்பானேன், கிணற்றடியில் கால் நின்றுவிட்டது. போன தடவை நம் ஊரில் என் கட்சி ஆள் நாலே ஓட்டில் பின்தங்கினார். இந்தத் தாள் என் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டால் யார் கேட்பார்கள், ஊரறிந்த மறதிக்காரன்தானே நான். அப்புறம்தான் உறைத்தது, இதெல்லாம் அவளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தேதான் தன் ஓட்டை எதிராளியின் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகக் கம்பளிப் பின்னலை எடுத்துக்கொண்டாள். நாட்டை ஆள வருகிறேன் என்பவர்களில் யாருக்கு இந்தத் தைரியம் உண்டு, சொல். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பெருமையாக இருந்தது. மனுவை வாங்கிய டீச்சர் தமாரா, "என்னண்ணே, உங்க கட்சிக்கு நீங்களே குழி வெட்டுறீங்க" என்று சிரித்தாள். ரசீது கேட்டு வாங்கி வந்து நீட்டினேன். அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், காலையில் வாங்கிவரச் சொன்ன தீப்பெட்டி எங்கே என்றாள். மறந்திருந்தேன்.

"என் ஒரு ஓட்டு இல்லேன்னா என்னப்பா, இங்க நம்ம நாட்டு ஓட்டுச்சாவடிக்கு ரெண்டு மணி நேரம் ரயில்ல போகணும்" என்று போன வாரம் சொன்னாய். நீயும் டாக்டருக்குத்தான் போடுவாய், நம் வீட்டிலேயே இரண்டுக்கு ஒன்று என்று நான் தோற்பேன். இருந்தாலும் போய்ப் போடு, மகளே.

பார்சல் வேன்காரர் கிரிகோரேயிடம் இந்தக் கடிதத்தோடு வால்நட்டும் பிளம் ஜாமும் ஆட்டுப் பாலாடைக்கட்டியும் வருகின்றன, கட்டியை முதலில் தீர்த்துவிடு. கடவுள் உன்னையும் குழந்தையையும் கண்போலக் காக்கட்டும். பாஸ்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போ. வாயைத் திறக்காமல் நம்பத் தெரிந்தவள் உன் அம்மா ஒருத்திதான், எனக்கு அது வராது, அதனால் ஒரே ஒரு தரம் சொல்கிறேன்: ஞாயிற்றுக்கிழமை, மறந்துவிடாதே.

உன்னிடம் தோற்கக் காத்திருக்கும் அப்பா,
சிமியோன்