ராஜத்துக்குக் கொடுத்த தண்ணீர்

என் கண்ணே ராஜம்,

உனக்கு ஒரு செய்தி. நேற்று என் முதுநிலை மருத்துவத் தேர்வு முடிந்தது. பாடம் எபிடெமியாலஜி. ஒரு நோய் ஊருக்குள் எந்த வழியாக நுழைந்தது, யாரைத் தொட்டது, யாரை விட்டது என்று வீடு வீடாகத் தேடிப் போகிற படிப்பு. மகப்பேறு மருத்துவத்தில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு இதில் சேர்ந்தபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் ஏன் என்று கேட்டார்கள். உனக்குத் தெரியாதா?

தலைப்பிரசவத்துக்கு உன்னைத் தென்காசியிலிருந்து அழைத்து வந்தது நான்தான். "இங்கே பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, நான் இருக்கேன்" என்று உன் மாமியாரிடம் அடித்துப் பேசினேன். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் நம் சந்தில், கை நிறைய வளையலோடு வந்து இறங்கினாய். அம்மா வழக்கம்போலச் சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீரை நீட்டினாள். வாயருகே கொண்டுபோனதுமே உனக்குக் குமட்டியது.

"அந்த வாடையே ஆகலம்மா. குழாயில பிடிச்சதையே தா."

அம்மா என்னைப் பார்த்தாள். ஹவுஸ் சர்ஜனாக இருந்த நான் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "குழாய்த் தண்ணி சுத்தம்தாம்மா. அப்படியே குடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

சில வாரங்களில் சந்தில் மஞ்சள் காமாலை பரவியது. நம் வீட்டில் உனக்கு மட்டும் வந்தது. வார்டில், நினைவு தடுமாறிக் கிடந்த உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "டீச்சர், எங்க அக்கா டாக்டராக்கும். இப்ப வந்துருவா" என்றாய். "நான்தாண்டி" என்றேன். தெரியாத ஒருத்தியைப் பார்த்துச் சிரிப்பதுபோல மரியாதையாகச் சிரித்தாய். அன்று மாலை நீயும் போனாய், வயிற்றிலிருந்ததும் போயிற்று.

அந்த அக்கா உன்னிடம் வந்து சேர்ந்தாளா, ராஜம்?

ஆய்வுக்கு நம் சந்து வீடுகளையே எடுத்தேன். என் பேராசிரியர் மலையாளி. "வேற தெருவு எடுக்கக் கூடாதா, குட்டி? சொந்த வீட்டில போயி எப்படிக் கேள்வி கேக்கும்?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். "கேட்டுத்தான் ஆகணும் சார்" என்றேன்.

சைக்ளோஸ்டைல் எடுத்த படிவங்களோடு படியேறி இறங்கினேன். கர்ப்பிணி யாராவது கதவைத் திறந்தால், பெயர் கேட்பதற்கு முன்னால் கண்ணின் வெள்ளையைப் பார்ப்பேன். நல்ல வெயிலில், பதினொரு மணிக்கு, பின்னால் வளையல் சத்தம் கேட்கும். திரும்பினால் வெறும் சந்து. நீ என்னோடு வந்தாயா, இல்லை என்னைக் கண்காணித்தாயா?

குழாய் சாக்கடைக்குள் படுத்திருந்தது, ராஜம். தண்ணீர் வரத்து நிற்கிற நேரமெல்லாம் வெற்றுக் குழாய் விரிசல் வழியாகச் சாக்கடையை உறிஞ்சியிருக்கிறது. காய்ச்சிக் குடித்த வீடுகள் பெரும்பாலும் தப்பின. நோய் வந்த மற்றவர்கள் படுத்து எழுந்தார்கள். கர்ப்பிணிகள் எழவில்லை.

நம் வீட்டைக் கடைசியில் வைத்தேன். அம்மா எதிரே உட்கார்ந்தாள்.

"யாருக்கு வந்தது?"

"ராஜத்துக்கு."

"காய்ச்சின தண்ணி குடிச்சாளா?"

"இல்ல."

"ஏன்?"

அந்தக் கேள்வியைப் படிவத்தில் சேர்த்தவளே நான்தான். அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எனக்குச் சோம்பல். சீரகம் போடாம தனியாக் காய்ச்சிக் கொடுத்திருக்கலாம்லா? செய்யல. அப்படியே எழுதிக்கோ."

"அம்மா, நான்தானே வேண்டாம்னு சொன்னேன்."

"நீ ஒண்ணும் சொல்லல. நீ அன்னைக்கு வீட்டிலயே இல்ல."

"இருந்தேம்மா."

"ஏட்டி, ஒருத்திய வாரிக் கொடுத்துட்டேன். மத்தவளையும் அதே தீயில போடச் சொல்லுதியா?"

இத்தனை நாளும் எனக்காக அந்தப் பொய்யை மடியில் கட்டி வைத்திருந்திருக்கிறாள். நான் எழுதினேன்: "வீட்டிலிருந்த மருத்துவர் சொன்னதால் காய்ச்சவில்லை."

நேற்று வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்த வரியில் விரலை வைத்தார். "இப்படி ஒரு மருத்துவர் சொன்னாரா? அவரை விசாரித்தீர்களா?"

"நான்தான் சார் அது."

"இறந்தவர்?"

"என் தங்கை."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். தேர்வாளர் அந்த வரியிலிருந்து விரலை எடுத்தார். பிறகு, "குழாயை மாற்றிவிட்டார்களா?" என்று கேட்டார். பாதிச் சந்துக்கு மாற்றியிருக்கிறார்கள், மீதிக்கு மனு கொடுத்து அலைகிறேன் என்றேன். "விடாதீர்கள்" என்றார். தேறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ரிசல்ட் கேட்கவில்லை. "அந்த வரிய எடுத்துட்டியா?" என்றாள். இல்லை என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அருகில் வந்து என் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள். நீ போன பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து அழுதது நேற்றுத்தான்.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். பிள்ளைத்தாச்சி யாராவது படித்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கட்டும். என்னைத் திட்ட வேண்டுமென்றால் திட்டட்டும்.

உனக்கு ஒன்று சத்தியம் செய்கிறேன். இனி யாராவது என்னிடம் கேட்டு எனக்கு நிச்சயமாகத் தெரியாவிட்டால், "தெரியாது, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று சொல்வேன். சொன்னபடி போவேன்.

உனக்கு முன்னால் பிறந்து, உனக்குப் பின்னாலும் இருக்கிற
உன் அக்கா,
மங்கை