கூடுதலாக ஒரு தட்டு

வட கரோலைனா
ஏப்ரல் 12, 1980

அன்புள்ள ப்ரீட்,

நீ நலமா, உன் அக்கா ஹானா நலமா, பிறந்த ஆட்டுக்குட்டிகள் எல்லாம் நலமா? நான் நலம் என்று எழுதினால் அது பொய். வருடா வருடம் அக்காவின் ஆடுகள் குட்டி போடும் நேரத்துக்கு அயர்லாந்தில் உன் சொந்த ஊர் டொனிகோலுக்குப் போவாய், ஈஸ்டருக்குள் திரும்பிவிடுவாய். இந்த வருடம் ஈஸ்டர் வந்து போய்விட்டது, உன்னைக் காணோம். ஓடைக்கு அக்கரையில் உன் வீடு பூட்டிக் கிடக்கிறது. தபால்பெட்டியில் குளவி கூடு கட்டியிருக்கிறது.

இசைவிழா நடத்தும் க்ளைட் நேற்று கடையில் பிடித்துக்கொண்டார். "என்ன ஆர்வில், ஆகஸ்ட் விழால கடைசி மேடை வழக்கம்போல உங்க ரெண்டு பேருக்குத்தானே? இல்ல வேற ஆளப் பாக்கட்டுமா?" என்றார். "நாங்கதான், வேற யாரு?" என்றேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, ராத்திரியே பாஞ்சோவை எடுத்துப் பதிய உட்கார்ந்தேன்.

இத்துடன் ஒரு கேசட் வைத்திருக்கிறேன். உங்கள் ஊர் மெட்டு இரண்டு, எங்கள் மலை மெட்டு ஒன்று, என் பாஞ்சோவை மட்டும் மீட்டியிருக்கிறேன். இதை ஓட விட்டுக் கூடவே பிடில் வாசித்து, பதிந்து அனுப்பு. பிரிந்திருந்தாலும் கை மறக்காமல் இருக்கும்.

ஒரு வரியாவது எழுது, மகராசி.

உன் கூட்டாளி,
ஆர்வில் ட்ரெட்வே


டொனிகோல்
மே 3, 1980

அன்புள்ள ஆர்வில்,

கடிதமும் கேசட்டும் கிடைத்தன. இங்கே மழை. நேற்றும் மழை. வேறு செய்தி வேண்டுமென்றால் ஆடுகளைத்தான் கேட்க வேண்டும். ஹானா மூன்று வேளையும் உருளைக்கிழங்கு அவித்துப் போடுகிறாள், நானும் பெருத்துக்கொண்டு வருகிறேன்.

ஈஸ்டருக்கு வர முடியவில்லை. வேலை இழுத்துவிட்டது. எப்போது வருவேன் என்று கேட்காதே, சொல்கிறேன்.

நீ கேட்டபடி பிடில் சேர்த்த கேசட் இதோ. நன்றாக இருக்கிறதா? இரண்டாவது மெட்டில் வழக்கம்போல நீ தாளத்தை முந்தி ஓடுகிறாய். யார் துரத்துகிறார்கள் உன்னை?

அன்புடன்,
ப்ரீட்


வட கரோலைனா
மே 19, 1980

ப்ரீட்,

கேசட்டைக் கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். சோளரொட்டி அடுப்பில் கருகியது கூடத் தெரியவில்லை.

பிடில் வில் உன் வில்தான், இழுப்பும் உன் இழுப்புதான். ஆனால் தரையில் தட்டும் கால் உன்னுடையது இல்லை.

உன் கால் முதலில் குதிகாலை ஊன்றும், அப்புறம் முன்பாதம். மெட்டு முடிந்த பிறகும் ஒரு தட்டு கூடுதலாகத் தட்டுவாய், நிறுத்த மனசே இல்லாதவள் மாதிரி. ஒன்பது வருடமாக அந்தக் கடைசித் தட்டு விழுந்த பிறகுதான் நான் பாஞ்சோவைக் கீழே வைப்பேன். இந்தக் கேசட்டில் கால் தட்டையாக விழுகிறது. முடிந்ததும் நின்றுவிடுகிறது. நான் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ப்ரீட். அந்தத் தட்டு வரவே இல்லை.

உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தாளம் போடுகிற ஆள் யார்? அங்கேயே ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டானா? கிடைத்தால் கிடைத்தான், சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! கடைக்காரி பெஸ் சொல்கிறாள், "அவ இனிமே வரமாட்டா ஆர்வில். சொந்த மண்ணு இழுத்துடுச்சு. நீ சும்மா வாசலப் பாத்துக்கிட்டு இருக்காத." அவள் வாயை அடைக்க எனக்கு ஒரு பதில் வேண்டும்.

ஆர்வில்


வட கரோலைனா
ஜூன் 16, 1980

அன்புள்ள ப்ரீட்,

போன கடிதத்தில் வாய்க்கு வந்ததை எழுதிவிட்டேன். நீ யாரோடு வாசித்தாலும் கேட்க நான் யார்? தபால்காரர் எங்கள் சாலை வளைவில் நிற்காமல் போகும்போதெல்லாம், போய்ப் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். உடம்புக்கு ஏதாவதா? அதை மட்டும் சொல். க்ளைட் மறுபடியும் கேட்கிறார், ஜூலை முதல் வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அது கிடக்கிறது, நீ எப்படி இருக்கிறாய்?

ஆர்வில்


டொனிகோல்
ஜூன் 25, 1980

அன்புள்ள ஆர்வில்,

பக்கத்து நாற்காலியில் யாரும் இல்லை. வாசித்ததே நான் இல்லை. அது ஹானா.

மார்ச்சில் கிடா ஒன்று என்னைக் கொட்டில் கதவோடு சேர்த்து முட்டித் தள்ளியது. இடது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கவில்லை. வெந்நீர், எண்ணெய், வைத்தியர் சொன்ன பயிற்சி, எல்லாம் பார்த்தாகிவிட்டது. தந்தியில் வைத்தால் விறகுக்குச்சி மாதிரி நிற்கின்றன. போன வாரம் வைத்தியர் சொல்லிவிட்டார், இவ்வளவுதான் என்று.

நானும் ஹானாவும் ஒரே அப்பாவிடம் பிடில் கற்றவர்கள், எங்கள் வில்லில் வித்தியாசம் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் அவளை உட்கார வைத்தேன். "வேணாம்டி, அவன் கண்டுபிடிச்சிடுவான்" என்றாள். "அவனாவது! பாஞ்சோக்காரனுக்குத் தன் பாஞ்சோவத் தவிர என்னக்கா காதுல விழும்?" என்றேன். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "என் கால எவனும் இப்படிக் கேவலமாப் பேசினதில்ல" என்று சிரித்தாள். நான் சமையலறைக்குள் போய் அழுதேன்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். சொன்னால் வேறு பிடில்காரரைத் தேடிக்கொள்வாயோ என்று பயம். தேடாமல் பாஞ்சோவை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவாயோ என்று அதைவிடப் பயம். எந்தப் பயம் பெரிதென்று தெரியாமலே நாள் போய்விட்டது.

ப்ரூயிட் குடும்பத்துப் பெண் நன்றாக வாசிக்கிறாள், அவளைக் கூப்பிட்டுக்கொள். என் வீட்டுச் சாவியைப் பெஸ்ஸிடம் கொடுத்துவிடு. நான் வந்து அங்கே என்ன செய்யப்போகிறேன்?

என்னை மன்னித்துவிடு.

ப்ரீட்


வட கரோலைனா
ஜூலை 5, 1980

அன்புள்ள ப்ரீட்,

சாவியைக் கொடுக்க மாட்டேன்.

கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன், நிறைய இருக்கிறது. கைவலியோடு இத்தனை மாதம் எனக்குச் சொல்லாமல் கிடந்திருக்கிறாயே என்பதுதான் முதல் கோபம். மற்றதை நேரில் திட்டுகிறேன்.

எங்கள் மலைப்பக்கம் பிடில் வாசிப்பவர் பக்கத்தில் இன்னொருவர் நின்று, வில் ஓடுகிற இடத்துக்கும் விரல் அழுத்துகிற இடத்துக்கும் நடுவே தந்திகளின் மேல் இரண்டு மெல்லிய குச்சிகளால் தாளம் தட்டுவது உண்டே, பார்த்திருக்கிறாய். ஒரே பிடிலில் இரண்டு பேர். அதற்கு இடது கை வேண்டாம். தாளம் வேண்டும், அது உன் உடம்பு முழுக்க இருக்கிறது.

பிடில் யார் வாசிப்பது என்கிறாயா? நான்தான். சிரி, சிரி. என் பிடிலைக் கதவிடுக்கில் மாட்டிய பூனை என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. மூன்று நாளாகக் காலையில் உட்கார்ந்து அறுக்கிறேன். நாய் ஓடை தாண்டி உன் வீட்டு வாசலில் போய்ப் படுத்துக்கொள்கிறது.

க்ளைட்டைப் பிடித்து, "நாங்கதான்" என்று மறுபடியும் சொல்லிவிட்டேன். "பிடில் யாரு?" என்றார். "நான்" என்றேன். "ஐயோ கடவுளே" என்றார். நீ வராவிட்டால் மேடையில் நான் தனியாக நின்று மானம் போவேன். உனக்கு அது சம்மதமா?

குச்சிகளைச் சீவி வைத்திருக்கிறேன். வருவாயா மாட்டாயா என்று நினைத்து நினைத்துத் தூக்கம் போய்விட்டது. ஒரு வார்த்தை எழுது.

ஆர்வில்


டொனிகோல்
ஜூலை 14, 1980

அன்புள்ள ஆர்வில்,

விமானச் சீட்டு வாங்கிவிட்டேன், மாதக் கடைசியில் வருகிறேன். நாய்க்கு என் அனுதாபங்கள்.

அதுவரை பழக ஒரு கேசட் அனுப்புகிறேன். இதில் பிடில் இல்லை, பாஞ்சோ இல்லை. சமையலறைத் தரையில் என் கால் மட்டும். மெட்டுகளை மனசுக்குள் பாடிக்கொண்டு தட்டியிருக்கிறேன், எது எது என்று உனக்கே தெரியும். இதோடு சேர்ந்து வாசி. இரண்டாவதில் ஓடாதே.

ஒவ்வொரு மெட்டும் முடிந்த பிறகு ஒரு தட்டு கூடுதலாகக் கேட்கும். அது விழுகிற வரை வில்லைக் கீழே வைக்காதே.

ப்ரீட்