வீட்டில் தண்ணீர் வருகிறது

அன்புள்ள பெரியவளுக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுவேன், ஒன்றையும் கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அக்கா. சொல்வது அம்மா, எழுதுவது நான். தையல் மெஷின் ஓடினால்தான் அம்மாவுக்குப் பேச்சு வரும், அதனால் அவள் தலையணை உறை தைத்துக்கொண்டே சொல்ல நான் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று தெரிந்தால் அந்தச் சுகம் முழுதாகும் என்று எழுதச் சொன்னாள். அவள் சொல்லாமல் விடுவதையும் நான் எழுதுவேன். "அதெல்லாம் எதுக்குடி, அவ அங்க உக்காந்து கவலப்படவா" என்று கேட்டாள். கேட்டதையும் எழுதிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது, ஆனால் வீடு இன்னும் எங்களுக்குப் பழகவில்லை. நாம் குடியிருந்த வேன், ஊர் ஊராக நம்மைச் சுமந்துகொண்டு போன நம் யானை, இப்போது வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கிறது, அதன் தலைமேல் காக்கைகள் சபை கூட்டுகின்றன. வேனில் இருந்தது போலவே அம்மா இங்கேயும் எல்லா அலமாரிக்கும் கொக்கி போட்டுவிட்டாள். "வீடு எந்த வளைவுல திரும்பப் போகுதுன்னு இந்தக் கொக்கி" என்று மாடியில் குடியிருக்கும் வீட்டுக்கார அக்கா கேட்டார். "நம்பிக்கை இல்லீங்க" என்றாள் அம்மா. தெருவில் லாரி போனால் டம்ளர்கள் லேசாகக் கிலுகிலுக்கும், அப்போது எங்கள் மூன்று பேர் முகமும் தெளிந்துவிடும். எனக்குத் தனி அறை, பெரிய கட்டில். இருந்தும் சுவரோடு ஒட்டி, வேனில் நான் படுத்த பழைய பலகையின் அகலத்துக்குள்தான் சுருண்டு படுக்கிறேன், மீதிப் பாதியில் புத்தகங்கள் சொகுசாகப் படுத்திருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் முதல் வாரம் முழுக்க, சாயங்காலம் மணி அடித்ததும் ஒவ்வொருவரிடமும் போய் விடைபெற்றுக்கொண்டு வந்தேன். நமக்கு அதுதானே பழக்கம். பக்கத்தில் உட்காருகிறவள் பயந்துபோய், "ஏய், நாளைக்கு வருவேல்ல? ஏன் இப்படிக் கையப் புடிச்சிட்டு நிக்கிற" என்று கேட்டாள். நாளைக்கு வருவேன் என்று ஒருத்தியிடம் சொல்லிவிட்டு மறுநாள் போய் நிற்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று உனக்கு எப்படி எழுதுவேன் அக்கா.

போனில் நீ கேட்டாயே, அப்பாவுக்கு வீடு பழகிவிட்டதா என்று. "பழகிட்டார், பழகிட்டார்" என்று அம்மா சொன்னது உண்மை இல்லை. பகலில் தையல் கம்பெனிக்குப் போகிறார், மெஷின்களைப் பழுது பார்க்கிறார், வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறார், எல்லாம் சரிதான். ஆனால் படுக்க மட்டும் யானைக்குப் போய்விடுவார். முதலில் வெக்கை என்றார், பிறகு கொசு என்றார், மழை வந்ததும் வேனுக்குள் ஒழுகுகிறதா என்று பார்க்கவேண்டும் என்றார். அம்மா போர்வையை மடித்துக் கொடுத்துவிடுவாள். இந்த நிலையில் போன வாரம் பழைய முதலாளி போன் செய்தார், அந்தத் தாடிக்காரர்தான். அவருடைய எல்லா ஊர்க் கம்பெனிகளையும் மறுபடி சுற்றிவந்து மெஷின் பார்க்க ஆள் வேண்டுமாம், அப்பாவை விட்டால் வேறு ஆள் இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வதாக அப்பா சொல்லிவிட்டார். அவர் சரி என்றால் வீட்டைக் காலி செய்யவேண்டும், நானும் பள்ளிக்கூடத்தை விடவேண்டும். அப்பா போனை வைத்துவிட்டு நேரே போய் யானையின் டயரைத் தட்டிப் பார்த்தார். அம்மா இதை எழுதாதே என்கிறாள்.

இனி தண்ணீர் மீட்டர்க்காரர் வந்த கதை. சனிக்கிழமை காலையில் வந்தவர் மீட்டரைப் பார்த்தார், தட்டினார், குனிந்து காதை வைத்துக் கேட்டார், பிறகு அப்பாவை ஒரு மாதிரியாகப் பார்த்து, "சார், இந்த வீட்ல ஆள் இருக்கீங்களா" என்றார். மூன்று பேர் இருக்கிறோம் என்றார் அப்பா. மூன்று பேர் இருக்கிற வீட்டில் ஒரு பூனை குடிக்கிற அளவுதான் தண்ணீர் ஓடியிருக்கிறது, ஒன்று மீட்டர் கெட்டிருக்கவேண்டும், இல்லை யாராவது அதில் கை வைத்திருக்கவேண்டும் என்றார் அவர். மெஷினில் கை வைத்தாய் என்று அப்பாவைச் சொன்னால் எப்படி இருக்கும், உனக்குத் தெரியாதா. அப்பா அவரைக் கையோடு சமையலறைக்குக் கூட்டி வந்து அம்மாவிடம், "நீ கழுவிக் காட்டு" என்றார். அம்மாவும் வேனின் சின்னத் தொட்டித் தண்ணீரில் நாம் எப்போதும் செய்கிற மாதிரி, காலைச் சாமான் அத்தனையையும் ஒரு சொம்புத் தண்ணீரில் கழுவி, அந்தக் கழுநீரைக் கீழே விடாமல் வாளியில் பிடித்து, தரை துடைப்பதற்கு என்று ஓரமாக வைத்தாள். மீட்டர்க்காரர் வாளியைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். "அம்மா, இது வீடும்மா. தொறந்தா வரும். மூடுற வரைக்கும் வரும்" என்று குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்லிவிட்டு, மீட்டர் நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார். "நான்கூட தெனம் நெனப்பேன், இவங்க குளிக்கிறாங்களா இல்லியான்னு" என்றார் வீட்டுக்கார அக்கா மாடியிலிருந்து. அப்பா கொஞ்சம் பெருமையாகத்தான் நின்றார்.

அம்மா கையைத் துடைத்தாள், மாற்றுப்புடவையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது, மூடுகிற சத்தம் கேட்கவே இல்லை. நான் ஒரு பாடம் முழுக்கப் படித்து முடித்துவிட்டேன், தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா கதவருகே போய், "ஏம்மா, தண்ணி தீந்துடப் போகுது" என்றார். "தீரட்டும்" என்றாள் அம்மா உள்ளேயிருந்து. கொஞ்ச நேரம் கழித்து, "கல்யாணம் ஆனதுலேருந்து இன்னைக்குத்தான் முதுகு முழுக்க நனஞ்சிருக்கு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை அக்கா, உப்புச் சரியாக இருக்கிறது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். அப்பா கதவைப் பார்த்தபடி நின்றார், பிறகு வெளியே போய் யானையின் படியில் உட்கார்ந்துகொண்டார். நான் காபி கொண்டுபோனேன். "உங்கம்மா என்னிக்காவது இத வாயத் தொறந்து சொல்லியிருக்காளா" என்று கேட்டார். இல்லை என்றேன். உள்ளே எட்டிப் பார்த்தேன், உன் மேல் பலகையில் நீ போர்த்திக்கொள்கிற நீலப் போர்வை விரித்தபடியே இருக்கிறது, அப்பா அதற்கு நேர் கீழேதான் படுக்கிறார். வீட்டில் ஏன் தூக்கம் வரவில்லை என்று நானாகக் கேட்டுவிட்டேன். "வேன்ல இருந்தா ஒவ்வொருத்தர் மூச்சும் கேக்கும். இங்க சொவத்துக்குச் சொவர் கதவு. யார் தூங்குறா, யார் இருமுறா, யாருமே இல்லியான்னு எனக்கு எப்படித் தெரியும்" என்றார்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலையில் அப்பா நிறைய யோசித்தார், சவரம் செய்துகொண்டார், பிறகு தாடிக்காரருக்குப் போன் செய்தார். வர முடியாதுங்க என்றார். அங்கிருந்து ஏன் ஏன் என்று கேட்டிருப்பார் போலிருக்கிறது, அப்பா வெகுநேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "இல்லீங்க, வீட்ல தண்ணி வருது" என்றார். தாடிக்காரர் என்ன புரிந்துகொண்டாரோ. தையல் மெஷின் மட்டும் ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது.

இனி அம்மா சொல்வது. ராத்திரி டியூட்டி முடிந்து வந்து வெறும் வயிற்றோடு படுக்காதே, நோயாளிகளைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காதே, முழங்காலை மடக்கு. கோபம் வந்தால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் பேசு, இப்போது உனக்கும் நமக்கும் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. லீவு எப்போது கிடைக்கும் என்று மறக்காமல் எழுது, உனக்கும் ஒரு தலையணை உறை தைத்தாயிற்று. நீ நினைத்ததெல்லாம் கைகூடி, நீண்ட ஆயுசோடு மனநிறைவாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
அம்மா சொல்ல, அப்பா சம்மதிக்க, சின்னவள் எழுதியது.

கையெழுத்துக்குக் கீழே இதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் முதல் வரி பொய்யாகிவிடும். சற்று முன் அப்பா தலையணையையும் உன் நீலப் போர்வையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். எல்லா அறைக் கதவையும் ஹா என்று திறந்துவைத்தார். பிறகு கூடத்தில் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்று, வேனில் பாட்டரி விளக்கை நிறுத்துவதற்கு முன் பலகை பலகையாகக் கூப்பிடுவாரே, அதே குரலில், "கீழ்?" என்றார். "படுத்தாச்சு" என்றாள் அம்மா. "நடு?" என்றார். படுத்தாச்சு என்றேன் நான். "மேல்?" என்றார். நான்தான் அக்கா உன் இடத்தில், "மேல் டியூட்டில இருக்கு, காலைல படுத்துக்கும்" என்றேன். "சரி" என்று சொல்லி அப்பா விளக்கை அணைத்துவிட்டார், தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுதுவதால் இந்த வரி கோணலாக இருக்கும்.